விற்பனை ஓடும், பணம் நடக்கும்

சென்னையில் 40 வயதைத் தாண்டிய யாருக்கும் சுபிக்ஷா கடை நினைவிருக்கும். ஏ.சி. கிடையாது, அலங்காரம் கிடையாது. தெருவுக்குள் சின்னதாக ஒரு வாடகை இடம், எம்.ஆர்.பி.யை விடக் குறைத்துப் போட்ட பில், அவ்வளவுதான். ஆர். சுப்பிரமணியன் 1997ல் திருவான்மியூரில் முதல் கடையைத் திறந்தார். அடுத்த எட்டு, ஒன்பது ஆண்டுகள் கடை தமிழ்நாட்டை விட்டுப் பெரிதாக வெளியே போகவில்லை. எண்ணிக்கை 150ஐ ஒட்டியே இருந்தது. பிறகு வேகம் பிடித்தது. வட மாநிலங்கள், மேற்கு, தெற்கு என ஒரே சமயத்தில் கடை விரித்தார்கள். மளிகை, மருந்தோடு செல்போனும் சேர்ந்துகொண்டது. 2008 இறுதியில் கடைகள் 1,600ஐ எட்டின. 2009 பிப்ரவரியில் அத்தனையும் மூடிக் கிடந்தன.

வாங்க ஆள் வராமல் மூடிய கடைகள் இல்லை இவை. ஆள் வந்தார்கள், அலமாரியில் சரக்கு இல்லை. சரக்கு போட்டவர்களுக்குப் பணம் போகவில்லை, அதனால் அடுத்த லோடு வரவில்லை. சரக்கு வராததால் கல்லாவில் காசு விழவில்லை. வாடகை நின்றது, சம்பளம் நின்றது. காவலுக்கு ஆள் அனுப்பிய ஏஜென்சிகளுக்குப் பணம் போகாததால் காவலாளிகள் விலகினார்கள். பூட்டிய கடைகளில் திருட்டுப் போனது. அந்த நேரத்தில் நிறுவனத்தின் கடன் சுமார் 750 கோடி ரூபாய். அதோடு ஒப்பிட்டால் பங்கு மூலதனம் மிகச் சொற்பம்.

இதில் ஒரு செய்தியைத் தொழில் செய்கிறவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். 2008ல் அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் சுபிக்ஷாவின் 10 சதவீதப் பங்கை 230 கோடிக்கு வாங்கியது. பேப்பரில் படித்தவர்கள் கம்பெனிக்கு 230 கோடி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பங்கை விற்றது ஏற்கெனவே அதை வைத்திருந்த ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர். பணம் அவர்களுக்குப் போனது. கடை வாடகைக்கு அதில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. புதிதாகப் பங்கு மூலதனம் திரட்டிவிடலாம் என்று நம்பித்தான் கடன் பணத்தில் கடைகளைத் திறந்துகொண்டு போனார்கள். 2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் விழுந்தது. உலகம் முழுக்கப் பணச் சந்தை இறுகியது. வர வேண்டிய மூலதனம் வரவில்லை. ஆனால் 1,600 கடையின் வாடகை 1ஆம் தேதி வந்தே தீரும்.

சுபிக்ஷா விவகாரத்தில் கணக்கு வழக்கு, நிர்வாகம் பற்றி வேறு சர்ச்சைகளும் உண்டு. நமக்கு வேண்டியது அந்த இரண்டு, மூன்று ஆண்டு ஓட்டம் மட்டும். அதே மளிகை வியாபாரத்தில் டிமார்ட் 2002ல் மும்பையின் பொவாயில் முதல் கடையைத் திறந்தது. 15 ஆண்டு கழித்து, 2017 மார்ச்சில் பங்குச்சந்தைக்கு வந்தபோது கையில் இருந்தவை 130 கடைகள் அளவில்தான். பெரும்பாலான இடங்கள் சொந்தம், அதனால் வாடகைச் சுமை குறைவு. சரக்கு போடுகிறவர்களுக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து அதற்கேற்ற விலைக் குறைப்பை வாங்கிக்கொண்டார்கள். மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் நன்றாகக் காலூன்றிய பிறகுதான் மற்ற மாநிலங்களில் பரவினார்கள். அதன் நிறுவனர் ராதாகிஷன் தமானிக்குப் பங்குச்சந்தையில் சம்பாதித்த சொந்தப் பணம் இருந்தது. இடம் வாங்கிக் கடை கட்ட முடிந்தது. இதைப் படிக்கிற உங்களுக்கும் எனக்கும் அது முடியாது. ஆனால் 15 ஆண்டில் 130 கடை என்ற நிதானத்துக்குக் கோடீஸ்வரராக இருக்க வேண்டியதில்லை.

1,600 கடை வைக்கிற அளவு நமக்கு இல்லை என்று இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். ஒரே ஒரு மிஷின் வைத்திருப்பவரையும் இதே கணக்குதான் பிடிக்கும்.

ஒரு மசாலா கம்பெனியின் கணக்கு

ஈரோட்டில் மசாலாப் பொடி அரைத்துப் பாக்கெட் போடும் ஒரு சின்ன யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10 லட்சம் விற்பனை. எல்லாச் செலவும் போக 1,20,000 ரூபாய் லாபம். அதாவது 8,80,000 செலவழித்தால் 10 லட்சத்துக்குச் சரக்கு வெளியே போகும்.

இப்போது நாளைக் கணக்கிடுங்கள். வத்தல், மல்லி, மஞ்சள் வாங்கிக் குடோனில் இருப்பது 30 நாள். அரைத்து, பாக்கெட் போட்டு, வண்டியில் ஏறும்வரை 15 நாள். கடைக்காரர் பணம் தர 45 நாள். ஆக 90 நாள். மண்டிக்காரர் உங்களுக்கு 15 நாள் கடன் தருகிறார், அதைக் கழித்தால் 75 நாள். கையை விட்டுப் போன ரூபாய் கைக்குத் திரும்ப இரண்டரை மாதம். இதுதான் உங்கள் ரொட்டேஷன். மாதச் செலவு 8,80,000ஐ இரண்டரையால் பெருக்கினால் 22 லட்சம். இந்த 22 லட்சம் எந்நேரமும் சரக்காகவும் பாக்கியாகவும் வெளியே நிற்கும். பாஸ்புக்கில் தெரியாது, ஆனால் இது இல்லாமல் தொழில் ஒரு நாள் நகராது.

விற்பனை 20 லட்சமானால் வெளியே நிற்க வேண்டியது 44 லட்சம். கூடுதலாகத் தேவை 22 லட்சம். இது எங்கிருந்து வரும்?

லாபத்தில் பாதியை வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொண்டு பாதியைத் தொழிலில் விடுகிறீர்கள் என்றால், விற்பனை படிப்படியாக ஏறும்போது மாதச் சராசரியாக 90,000 ரூபாய் தொழிலில் தங்கும். 22 லட்சம் சேர சுமார் இரண்டு ஆண்டு. ஆகவே இரண்டு ஆண்டில் இரட்டிப்பாக வளர்ந்தால் யாரிடமும் கை நீட்ட வேண்டாம். அதே வளர்ச்சி ஆறு மாதத்தில் வந்தால் சேர்ந்திருப்பது 5,40,000. துண்டு விழுவது 16 லட்சத்துக்கு மேல். சரக்கு அதே சரக்கு, லாப சதவீதமும் அதேதான். மாறியது காலம் மட்டும். ஆறு மாதக்காரர் ஆர்டர் புத்தகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே செக் ரிட்டர்ன் ஆகி நிற்பார்.

துண்டு விழுந்த பணத்தை அவசரத்தில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 33,000 ரூபாய் வட்டி. கூடுதல் விற்பனை தரும் 1,20,000 லாபத்தில் கால் பங்குக்கு மேல் அங்கேயே போய்விடும். இன்னொன்று, நம்மில் பலர் லாபக் கணக்கு போடும்போது ஜி.எஸ்.டி.யை மறந்துவிடுகிறோம். பில் போட்ட மாதத்துக்கான வரியைப் பொதுவாக அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பார்ட்டி பணம் தந்தாரா என்று அரசாங்கம் கேட்பதில்லை. மசாலாவுக்கு வரி 5 சதவீதம், வாங்கிய சரக்கின் வரியைப் பெரும்பாலும் கழித்துக்கொள்ளலாம், வலி குறைவு. கூலிச் செலவே பெரிதாக இருந்து 18 சதவீதம் வரி போடுகிற சர்வீஸ் தொழில்களில், கழிக்க உள்வரி அதிகம் இருக்காது. அங்கே வராத பணத்துக்குக் கைக்காசைப் போட்டு வரி கட்ட நேரும்.

இதே கணக்கைத் திருப்பியும் போடலாம். கடைகளின் வசூலை 45 நாளிலிருந்து 30 நாளுக்கு இழுத்தால் ரொட்டேஷன் 60 நாளாகும். வெளியே நிற்பது 17,60,000. வட்டியில்லாமல் 4,40,000 ரூபாய் கைக்கு வரும். புதுக் கடன் கேட்டு மேனேஜர் அறை வாசலில் உட்காரும் முன் இதைச் செய்யுங்கள். லைன் ஆளிடம் வாரத்துக்கு ஒரு நாள் ஆர்டர் எடுக்காமல் வசூல் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்டருக்கு இன்சென்டிவ் கொடுக்கிறோம், வசூலுக்குக் கொடுப்பதில்லை. அவர் பாக்கியை நினைவுபடுத்தத் தயங்குவது இயல்புதான்.

வங்கி விஷயம். சிறு தொழில்களுக்கு நடைமுறை மூலதனக் கடன் தரும்போது வங்கிகள் நாயக் குழு முறையைப் பின்பற்றுகின்றன. ஆண்டுக்கு எவ்வளவு விற்பீர்கள் என்ற எதிர்பார்ப்பில் 20 சதவீதம் வங்கி தரும், 5 சதவீதம் நீங்கள் போட வேண்டும். எதிர்பார்ப்பு என்பது நீங்கள் எழுதித் தருவது. ஆடிட்டரிடம் சொல்லி அந்த எண்ணை ஏற்றி எழுதி லிமிட் வாங்குவது நடக்கிறது. வாங்கிய பிறகு மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்க வேண்டும். சரக்கின் மதிப்பில் ஒரு பகுதியையும், பொதுவாக 90 நாளைத் தாண்டாத பாக்கியில் ஒரு பகுதியையும்தான் டிராயிங் பவராக எடுத்துக்கொள்வார்கள். வேகமாக வளரும்போது பழைய பாக்கி தேங்கும். தேங்கிய பாக்கி கணக்கிலிருந்து கழன்றுவிடும். லிமிட் 40 லட்சம் என்று தாளில் இருக்கும், எடுக்க முடிவது 28 லட்சமாக இருக்கும். மிகச் சரியாகப் பணம் தேவைப்படும் மாதத்தில்தான் இது நடக்கும்.

இந்த நடைமுறை மூலதனக் கடனான சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கிலிருந்து மிஷின் வாங்குவது பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. பெரிய ஆர்டர் வருகிறது, இன்னொரு பல்வரைசர் (அரவை மிஷின்) வேண்டும், டேர்ம் லோனுக்கு அலைய நேரமில்லை, சி.சி.யில் இருப்பதை எடுத்து மிஷினுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மிஷின் போட்ட பணம் நான்கைந்து ஆண்டில்தான் திரும்பும். வத்தல் வாங்க வைத்திருந்த பணம் இரும்பாகிவிட்டது. மிஷின் புதிது, அரைக்கச் சரக்கு இல்லை. முடங்கிப்போன சிறு தொழில்களின் கணக்கைப் புரட்டினால் இந்த ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்.

ஆளும் தரமும்

எடித் பென்ரோஸ் என்ற பொருளாதார அறிஞர் நிறுவனங்களின் வளர்ச்சி பற்றி 1959ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இது: பணமும் சந்தையும் இருந்தாலும் ஒரு நிறுவனம் நினைத்த வேகத்தில் வளர முடியாது, ஏனென்றால் புதிய நிர்வாகிகளைப் பழக்கப் பழைய நிர்வாகிகளின் நேரம்தான் வேண்டும். புது ஆளை எடுக்க எடுக்கப் பழைய ஆளின் வேலை குறையும் என்றுதான் நினைப்போம். முதல் சில மாதம் கூடவே செய்யும்.

சின்னத் தொழிலில் இதை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். நம் மசாலா யூனிட்டில் 15 ஆண்டாக இருக்கும் ஒரு அக்கா, வறுத்த மல்லியைக் கையில் அள்ளி நசுக்கி முகர்ந்து பார்த்தே அரைக்கப் போடலாமா என்று சொல்லிவிடுவார். இது எந்த ரெஜிஸ்டரிலும் எழுதப்படவில்லை. ஷிப்ட் இரண்டானதும் அவர் ஒரு ஷிப்டில்தான் இருப்பார். மறு ஷிப்டில் புதிதாகச் சேர்ந்தவர் நேரம் பார்த்து இறக்குவார்.

மிஷினும் அப்படித்தான். பல்வரைசர் விடாமல் ஓடினால் சூடாகும். சூட்டில் வாசனை எண்ணெய் பறந்துவிடும், வத்தல் தூளின் நிறமும் மங்கும். மாதம் 10 லட்சம் விற்ற காலத்தில் இடையிடையே மிஷினை நிறுத்துவார்கள், அரைத்த பொடியைப் பரப்பி ஆறவிட்டு மறுநாள் பாக்கெட் போடுவார்கள். வண்டி வாசலில் நிற்கும்போது ஆறவிட யாருக்குப் பொறுமை? வெதுவெதுப்பாக இருக்கும்போதே கவரில் போட்டு சீல் வைத்தால் உள்ளே ஈரம் வியர்த்து, இரண்டு மாதத்தில் பொடி கட்டி பிடிக்கும். கடைக்காரர் ரிட்டர்ன் அனுப்புவார், அது நாலு பாக்கெட். திருப்பி அனுப்பாமல் அடுத்த தடவை வேறு பிராண்ட் வாங்கிப் போன வீடுகள் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் பொடியை 10 ஆண்டாக வாங்கிய வீடு அது.

சரக்கு கொள்முதலும் மாறிவிடும். வத்தல் வரத்து மிகுந்திருக்கும் மாதங்களில் பார்த்துப் பொறுக்கி வாங்கிவைத்தவர், ஆர்டர் திடீரென்று இரட்டித்தால் வரத்து குறைந்த மாதத்தில் கிடைத்ததைக் கிடைத்த விலைக்கு வாங்குவார். விலையும் ஏறும், ரகமும் இறங்கும்.

உலகத்திலேயே தரத்துக்குப் பேர்போன கம்பெனிக்கு இது நேர்ந்திருக்கிறது. டொயோட்டா 2008ல் ஜெனரல் மோட்டார்ஸை முந்தி விற்பனையில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஓராண்டு சொச்சத்தில் ஆக்சிலரேட்டர் பெடல் கோளாறு, மேட் சிக்கிக்கொள்ளும் பிரச்சினை என்று லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. 2010 பிப்ரவரி 24 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நிறுவனத்தின் அன்றைய தலைவர் அகியோ டொயோடா நின்றார். நிறுவனம் வளர்ந்த வேகம் அதிகமாக இருந்திருக்கலாம் என்றார். பாதுகாப்பு முதலில், தரம் அடுத்து, விற்பனை அளவு அதற்கும் பின்னால் என்று தாங்கள் வைத்திருந்த வரிசை குழம்பிவிட்டது, ஆட்களைப் பழக்குவதை விட வேகமாக வளர்ந்துவிட்டோம் என்றும் ஒப்புக்கொண்டார். குடும்பப் பெயரைக் காரில் போட்டிருக்கிற மனிதர் அதைச் சொன்னார்.

முதல் கிளை தன் காலில் நிற்கும் முன்பே பத்தாவது கிளைக்கு அட்வான்ஸ் கொடுப்பது வேறொரு ரக அவசரம். அமெரிக்காவில் வெப்வேன் என்ற கம்பெனி இணையத்தில் மளிகை ஆர்டர் எடுத்து வீட்டுக்கு அனுப்பியது. 1999 ஜூனில் முதல் ஊரில் சேவையைத் தொடங்கிய கையோடு, அடுத்த மாதமே 26 பெரிய கிடங்குகள் கட்ட ஒரு பில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். முதல் கிடங்கு லாபம் தருமா என்று பார்க்கவில்லை. 2001 ஜூலையில் திவால். வீட்டுக்கு மளிகை அனுப்பும் யோசனை தப்பில்லை என்று இன்றைக்கு நம் தெருவில் ஓடும் டெலிவரி பைக்குகளே சொல்லும்.

செலவு ஏறுவதும் சீராக ஏறாது, படிப்படியாகத் தாவும். பத்தாவது ஆள் சேர்ந்தால் இ.எஸ்.ஐ., இருபதாவது ஆள் சேர்ந்தால் பி.எஃப். ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டினால் மூன்று மாதத்துக்கு ஒரு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் என்ற வசதி போய்விடும், இ–இன்வாய்ஸும் கட்டாயம். மின் இணைப்பு உயர் அழுத்தத்துக்கு மாறினால் சொந்த டிரான்ஸ்பார்மர். இவற்றில் எதுவும் அநியாயச் செலவில்லை. ஆனால் 19 ஆளிலிருந்து 24 ஆளுக்குப் போகும் ஆர்டரை விலை பேசும்போது, அந்த 24 பேருக்கும் சேர்த்து ஏறும் செலவைப் பேச மறந்தால், அதை லாபத்திலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

பெரிய பார்ட்டி கேட்கும்போது

கோயம்புத்தூரில் கிளைகள் வைத்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பர்ச்சேஸ் மேனேஜர் போன் செய்கிறார்.

“அண்ணா, உங்க சாம்பார் பொடி நல்லா மூவ் ஆகுதுங்க. அடுத்த மாசத்துல இருந்து 32 கடைக்கும் போட்டுருங்க. மாசம் 10 லட்சம் வரும். கிரெடிட் 60 நாள், எல்லாருக்கும் அதே ரூல்தானுங்க.”

இந்தக் கூடுதல் 10 லட்சத்துக்கு ரொட்டேஷன் 75 நாள் இல்லை, 90 நாள். வெளியே நிற்கப் போவது 26,40,000. போனிலேயே சரி சொல்லிவிடாமல் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். மறுநாள் இப்படிப் பேசலாம்:

“ரொம்ப சந்தோஷமுங்க. முதல்ல 8 கடைக்குப் போடறேனுங்க. மூணு மாசம் பேமெண்ட் கரெக்டா வந்தா அடுத்த 8. அப்புறம் 60 நாள் நமக்குக் கட்டாதுங்க. 30 நாள்னா ரேட்ல ஒண்ணரை பர்சென்ட் குறைச்சுக்கறேன்.”

30 நாள் முன்னதாக வரும் பணத்துக்கு ஒன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. உங்களுக்கு 11 சதவீதத்தில் வங்கிப் பணம் தயாராக இருந்தால் இது நஷ்டம், அப்போது 60 நாளுக்கே ஒப்புக்கொண்டு வங்கிப் பணத்தில் ஓட்டலாம். இரண்டு வட்டிக்கு வெளியே வாங்கப் போகிறவருக்கு இதுவே மலிவு. எது என்று பேசும் முன் தெரிந்திருக்க வேண்டும். கடைகளைப் படிப்படியாக ஏற்ற அந்த மேனேஜர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆர்டர் போகட்டும். இதைச் சொன்னால் கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீடு தேடி வரும் லட்சுமியைத் திருப்பி அனுப்புவதா என்பார்கள். 60 நாள் பாக்கியில் வருகிற லட்சுமியின் வழிச்செலவையும் நாம்தான் தர வேண்டும்.

பேசும்போது பலர் கேட்க மறக்கிற மூன்று கேள்விகள்: எக்ஸ்பயரி ஆன சரக்கு யார் தலையில்? ஆஃபர் போட்டால் அந்தத் தள்ளுபடியை யாருக்கு டெபிட் நோட் போடுவார்கள்? பணம் தரும் நாளை பில் தேதியிலிருந்து எண்ணுவார்களா, சரக்கு இறங்கிய நாளிலிருந்தா, அவர்கள் கணினியில் ஏற்றிய நாளிலிருந்தா? கடைசிக் கேள்வியில் மட்டும் 60 நாள் 80 நாளாகிவிடும்.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. உத்யம் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது எம்.எஸ்.எம்.இ. சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. 2023ல் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த விதிப்படி, காலம் கடத்திய பாக்கியை வாங்கியவர் பணம் கொடுக்கும்வரை தன் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே 60 நாள் ‘ரூல்’ என்று மேனேஜர் சொல்வது அவர் கம்பெனி வழக்கம், சட்டம் இல்லை. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள், பேச்சைத் தொடங்க அது உதவும். வாங்குகிறவர் ஆண்டுக்கு 250 கோடிக்கு மேல் விற்கும் கம்பெனியாக இருந்தால் ட்ரெட்ஸ் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். அங்கே அவர் ஏற்றுக்கொண்ட பில்லை வைத்து வங்கிகளிடம் முன்கூட்டியே பணம் பெறலாம். வட்டி அவர் பெயரின் வலுவைப் பார்த்து நிர்ணயமாகும் என்பதால் குறைவாகவே இருக்கும். அவரைக் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். ஆகவே சட்டத்தை மிரட்டலாகக் காட்டாமல் பேரத்துக்கு வையுங்கள்.

ஒரே பார்ட்டி உங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடாதீர்கள். இந்த மூன்றில் ஒன்றுக்கு எந்த ஆய்வும் ஆதாரம் இல்லை. அவர் இரண்டு மாதம் பணம் தராவிட்டாலும் சம்பளம் போட முடிய வேண்டும் என்பதுதான் கணக்கு. உங்கள் கையிருப்பு பலமாக இருந்தால் கொஞ்சம் கூடலாம், பலவீனமாக இருந்தால் கால் பங்கிலேயே நில்லுங்கள்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவருக்கு

சம்பளத் தேதி நெருங்கும்போது கைமாற்று தேடுகிறீர்கள், மண்டிக்காரர் போனை எடுக்கத் தயங்குகிறீர்கள், ஆனால் விற்பனை போன வருடத்தை விட ஒன்றரை மடங்கு. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு.

முதலில் புது ஆர்டரை நிறுத்துங்கள், குறைந்தது கடன் ஆர்டரை. பிறகு ஒரு நீளத் தாளில் அடுத்த 13 வாரத்துக்கு வாரம் ஒரு கட்டமாகப் போட்டு, எந்த வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று எழுதுங்கள். வரவை பார்ட்டி சொன்ன தேதியில் எழுதாதீர்கள். போன மூன்று தடவை அவர் உண்மையில் கொடுத்த தேதியை வைத்து எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் கழித்தல் குறி விழுகிறதோ அந்த வாரத்துக்கு முன்பே பேச வேண்டியவர்களிடம் பேச நேரம் கிடைக்கும்.

இருக்கிற பணத்தில் யாருக்கு முதலில்? கூலி. அடுத்து, சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணம், தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் நம்பிக்கை மோசடி வழக்கு வரை போகும். பிறகு ஜி.எஸ்.டி., மின் கட்டணம். அடுத்தது நீங்கள் நின்றால் கூடவே விழுந்துவிடும் சின்னச் சப்ளையர்கள். பெரிய சப்ளையரிடம் நேரில் போய், தேதியும் தொகையும் சொல்லித் தவணை கேட்கலாம். போனை எடுக்காமல் இருப்பதுதான் அவரை ஸ்டாக்கை நிறுத்த வைக்கும். வங்கித் தவணை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதற்கு முன்பே, முதல் மாதம் தவறும்போதே, மேனேஜரைப் பார்த்துத் தவணைக் காலத்தை நீட்டிக்க எழுதிக் கொடுங்கள். 80ஆம் நாள் போனால் அவர் கையில் செய்ய ஒன்றும் இருக்காது.

கிளை வைத்திருப்பவர், எது நஷ்டம் என்று ஊகிக்காமல் கிளை வாரியாகக் கல்லாவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாக் கிளையின் வசூலும் ஒரே கணக்கில் விழுந்தால் நல்ல கிளை கெட்ட கிளையை மறைக்கும். ஒரு வருடம் தாண்டியும் தன் வாடகையையும் சம்பளத்தையும் தானே தராத கிளையை மூடலாம். ஊர் என்ன பேசும் என்பதற்காக இன்னும் ஆறு மாதம் தள்ளுவார்கள், அந்த ஆறு மாத நஷ்டத்தை நல்ல கிளை கட்டும். மூடுவது என்று முடிவெடுத்த அன்றே வாடகை ஒப்பந்தத்தை எடுத்து நோட்டீஸ் காலம் எத்தனை மாதம் என்று பாருங்கள். சென்னை போன்ற ஊர்களில் பல மாத வாடகை அட்வான்ஸாகக் கட்டியிருப்பீர்கள். நோட்டீஸ் மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ள வீட்டுக்காரரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டு, ரேக்குகளையும் ஃப்ரீசரையும் நோட்டீஸ் முடியும் முன்பே விற்றுவிடுங்கள். சாவி கொடுக்கும் கடைசி வாரத்தில் விற்றால் பழைய இரும்பு விலைதான் கேட்பார்கள்.